வெங்கட்டா, பிரசன்னாவா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

கிரிக்கெட் ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் என்பதை யாவரும் அறிவோம். பத்துப் பேரைத் தேர்ந்தெடுப்பது எளிது, பதினோராவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் தேர்வுக் குழுவினருக்குத் தலைவலி தொடங்குகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தலைவலி தேர்வுக் குழுவினருக்கு மட்டுமா? தேநீர்க் கடையிலும், ரயில் பெட்டியிலும், கல்யாணப் பந்தியிலும் உட்கார்ந்துகொண்டு, “அவனைப் போட்டிருக்கணும், இவனை எதுக்குப் போட்டாங்க?” என்று தொண்டை கட்டும் வரை வாதாடுகிறார்களே, அவர்களுக்கும் அது இருக்கத்தான் செய்கிறது. அப்படிப்பட்ட வழக்குகளில் நம் தமிழ்நாட்டில் மிக நீண்ட காலம் நடந்த ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். வழக்கு இதுதான்: இந்திய அணியில் ஆஃப் ஸ்பின் பந்து வீச ஓர் இடம் இருக்கிறது. அதை வெங்கட்ராகவனுக்குக் கொடுப்பதா, பிரசன்னாவுக்குக் கொடுப்பதா?

பெண்பிள்ளைக்குக் கிரிக்கெட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பெண்கள் 1976-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில், சாந்தா ரங்கசாமியின் தலைமையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடிவிட்டார்கள். 2025 நவம்பரில் உலகக் கோப்பையையும் வென்றுவிட்டார்கள். ஆகவே மேலே செல்வோம்.

இவ்வழக்கு எங்கள் குடும்பத்தில் இன்னும் முடியவில்லை. திண்டிவனத்தில் இருக்கும் என் தாத்தா வெங்கட்ராகவன் கட்சி. விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாட்டியின் தம்பி, அதாவது எங்கள் சின்னத் தாத்தா, பிரசன்னா கட்சி. இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த ரயிலாலும் கடக்க முடியாது.

முதலில் அந்த இரு வீரர்களும் யார் என்று பார்ப்போம். எரப்பள்ளி பிரசன்னா பெங்களூரில் 1940-இல் பிறந்தவர். 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சென்னையில்தான் தம் முதல் டெஸ்டை ஆடினார். அதன்பின் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒரு பயணம் சென்று வந்தவர், பொறியியல் படிப்பை முடிப்பதற்காக ஆட்டத்தை விட்டு விலகி, 1967-இல்தான் மீண்டும் இந்திய அணிக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டுகள்! படிப்புக்காக டெஸ்ட் கிரிக்கெட்டை ஒதுக்கி வைத்தவர் இவர் என்பதை எங்கள் கணக்கு ஆசிரியை சிஸ்டரிடம் சொன்னபோது, “பார்த்தாயா?” என்று என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். 

சீனிவாசராகவன் வெங்கட்ராகவன் சென்னையில் 1945-இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஆக இருவருமே பொறியாளர்கள். பிரசன்னா படித்துக்கொண்டிருந்த காலத்தில் காலியாக இருந்த இடத்துக்கு வந்தவர் வெங்கட். 1965-இல் நியூசிலாந்து அணி இங்கு வந்தபோது, பத்தொன்பது வயதில், நான்கு டெஸ்டுகளில் 21 விக்கெட்டுகளை எடுத்தார். டெல்லியில் ஒரே இன்னிங்சில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்! இனி பத்தாண்டுகளுக்கு இந்த இடம் இவருடையதே என்று தாத்தாவின் வயதுக்காரர்கள் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் பிரசன்னா திரும்பி வந்தார். 1967-68-இல் ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகளில் 25 விக்கெட், அங்கிருந்து நியூசிலாந்து சென்று 24 விக்கெட். இந்தியா அயல்நாட்டில் முதன்முதலாகத் தொடரை வென்றது அந்த நியூசிலாந்துப் பயணத்தில்தான்.

இருவரும் வீசியது ஒரே வகைப் பந்து. வலக்கை ஆட்டக்காரருக்கு வெளிப்புறத்தில் விழுந்து உட்புறமாகத் திரும்பும் பந்தையே ஆஃப் ஸ்பின் என்கிறார்கள். அப்படியானால் என்ன வேறுபாடு? ஒரே அரிசியில்தான் இட்லியும் தோசையும் செய்கிறோம். பிரசன்னா உயரம் குறைந்தவர். பந்தை ஆட்டக்காரரின் கண்ணுக்கு மேலே காற்றில் தூக்கிப் போடுவார். ‘நன்றாக அடிக்கலாம், கைக்கு எட்டும்’ என்று நினைத்து ஆட்டக்காரர் முன்னால் காலை எடுத்து வைப்பார். வைத்த பிறகு பார்த்தால் பந்து எதிர்பார்த்த இடத்துக்கு வந்து சேராமல் சற்று முன்பே விழும். காலைப் பின்வாங்க நேரம் இராது. இந்த ஏமாற்றுதான் அவருடைய முதல். சில நாள் அடியும் வாங்குவார். அடி வாங்கிக்கொண்டே அடுத்த பந்தையும் தூக்கித்தான் போடுவார்.

வெங்கட் உயரமானவர். பந்தைச் சற்று வேகமாக, தாழ்வாக, ஒரே இடத்தில் விழும்படி வீசுவார். பந்து எழும்பி வரும். அவரிடம் எளிதில் ஓட்டம் எடுக்க முடியாது. ஆடுகளம் கொஞ்சம் உதவினால் போதும், எதிரணியைக் கட்டிப்போட்டுவிடுவார். இதோடு மட்டையும் பிடிப்பார். ஆட்டக்காரருக்கு அருகில் நின்று பாய்ந்து கேட்ச் பிடிப்பதில் வல்லவர். டெஸ்டுகளில் அவர் பிடித்த கேட்சுகள் 44. பிரசன்னா பிடித்தவை அதில் பாதிகூட இல்லை.

“இருவரையும் சேர்த்து ஆடவைத்தால் வழக்கே இல்லையே?” என்று தோழிகள் கேட்கலாம். நானும் கேட்டேன். சில ஆட்டங்களில் இருவரும் சேர்ந்து ஆடியதும் உண்டு. ஆனால் அக்காலத்தில் இடக்கைச் சுழற்பந்து வீச பிஷன் சிங் பேடி இருந்தார். லெக் ஸ்பின், கூக்ளி வீச சந்திரசேகர் இருந்தார். அவர்கள் இருவரும் வீசும் பந்துகள் முற்றிலும் வேறானவை. ஆதலால் அவர்களுக்குள் போட்டி இல்லை. ஒரே பந்தை வீசும் இருவருக்குத்தான் போட்டி. நான்கு சுழற்பந்து வீச்சாளர்களையும் சேர்த்துக்கொண்டால் புதுப்பந்தை வீசுவது யார்? மட்டை பிடிப்பது யார்? இந்த நால்வரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்றுதான்: 1967 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்காமில். அதில் புதுப்பந்தை வீச ஆள் இல்லாமல், விக்கெட் காப்பாளராகப் பழகிய குந்தரன் பந்து வீச வேண்டியதாயிற்று. இந்தியா 132 ஓட்டங்களில் தோற்றது. அதன்பிறகு அச்சோதனையை எந்தத் தலைவரும் செய்யவில்லை.

பட்டோடி தலைவராக இருந்தால் பிரசன்னாவின் கை ஓங்கும், அஜித் வாடேகர் தலைவராக இருந்தால் வெங்கட்டின் கை ஓங்கும் என்று அக்கால ரசிகர்கள் பேசிக்கொள்வார்களாம். 1971-ஆம் ஆண்டைப் பார்த்தால் அது உண்மைதான் என்று தோன்றுகிறது. வாடேகர் தலைவர், வெங்கட் துணைத் தலைவர். மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றது. வெங்கட் 22 விக்கெட் எடுத்து நம் பந்து வீச்சாளர்களில் முதலாவதாக நின்றார். அதே கோடையில் இங்கிலாந்திலும் வென்றோம். மூன்று டெஸ்டுகளிலும் வெங்கட் ஆடினார், 13 விக்கெட் எடுத்தார். பிரசன்னா அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டிலும் இடம்பெறவில்லை. அதற்கு முன்பே நூறு விக்கெட் எடுத்துவிட்ட ஒரு வீரர், அதுவும் இருபதே டெஸ்டுகளில் நூறை எட்டியவர், கோடை முழுவதும் வெளியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அணி வெற்றி பெற்றதால் எவரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அணி வெல்லும்போது வெளியே இருப்பவருக்காகப் பேச யாரும் வருவதில்லை.

சக்கரம் சுழன்றது. 1974 டிசம்பர். மேற்கிந்தியத் தீவுகள் இந்தியாவுக்கு வந்திருந்தார்கள். முதல் டெஸ்டில் தலைவர் பட்டோடிக்கு விரலில் காயம். அடுத்து தலைமை ஏற்க வேண்டிய காவஸ்கருக்கும் விரலில் காயம். எனவே டெல்லியில் நடந்த இரண்டாவது டெஸ்டுக்கு வெங்கட்ராகவனையே தலைவராக்கினார்கள். சென்னைப் பையன் இந்தியாவின் தலைவர்! திண்டிவனத்தில் தாத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அந்த டெஸ்டில்தான் விவியன் ரிச்சர்ட்ஸ் என்ற இளைஞர் ஆட்டமிழக்காமல் 192 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி குணமாகித் திரும்பிவிட்டார். அணியை அறிவித்தபோது, முந்தைய டெஸ்டில் தலைவராக இருந்த வெங்கட்ராகவன் பதினொருவரில் இல்லை, பன்னிரண்டாவது ஆள்! தலைவர் பதவியிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் வேலைக்கு, இடையில் ஒரு டெஸ்ட்கூட இல்லை.

இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் இன்றும் மாறிவிடும். “ஒரு வாட்ச்மேனைக்கூட வேலையை விட்டு நிறுத்தணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லுவாங்கம்மா” என்பார். சின்னத் தாத்தா விடமாட்டார். “மாமா, கல்கத்தாவுல யார் ஜெயிச்சாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல!” இந்தியாதான் வென்றது, 85 ஓட்டங்களில்.

அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில், 1975 பொங்கல் சமயம். அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-இல்தான். தாத்தாவும் சின்னத் தாத்தாவும் விடியற்காலை ரயிலில் எழும்பூர் போய்ச் சேர்ந்து, மலிவான இடத்தில் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்து பார்த்த டெஸ்ட் அது. வெங்கட் பிறந்த ஊர். ஆனால் அணியில் வெங்கட் இல்லை, பிரசன்னா இருந்தார். 

இந்தியா முதலில் 190 ஓட்டங்கள். ஆண்டி ராபர்ட்ஸ் புயலாக வந்து 7 விக்கெட் எடுத்தார். ஒருபுறம் எல்லோரும் விழுந்துகொண்டிருக்க, விசுவநாத் மட்டும் நின்று ஆட்டமிழக்காமல் 97. சதத்துக்கு மூன்று குறைவு; ஆனால் அந்த 97-ஐ எத்தனையோ சதங்களுக்கு மேலாகப் பேசுகிறார்கள். மேற்கிந்தியர் 192, பிரசன்னாவுக்கு 5 விக்கெட். இரண்டாம் இன்னிங்சில் இந்தியா 256. கடைசியில் அவர்களை 154-க்குச் சுருட்டியபோது பிரசன்னாவுக்கு மேலும் 4. இந்தியாவுக்கு நூறு ஓட்டங்களில் வெற்றி.

“சேப்பாக்கத்துக் கூட்டம் பிரசன்னாவுக்குக் கை தட்டியதா தாத்தா?” என்று கேட்டேன். “ஏன் தட்டாம? நல்லா தட்டினோம்” என்றவர், சிறிது நேரம் கழித்து, “நான் உட்கார்ந்தபடியேதான் தட்டினேன்” என்றார். “எழுந்து நின்னா மறைக்குதுன்னு பின்னாடி இருந்தவன் திட்டுவான்” என்று காரணமும் சொன்னார். சின்னத் தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

சரி, இறுதிக் கணக்கு என்ன சொல்கிறது? பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட். வெங்கட் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட். வகுத்துப் பார்த்தால் ஒரு டெஸ்டுக்கு பிரசன்னா ஏறத்தாழ நான்கு விக்கெட் எடுத்திருக்கிறார், வெங்கட் மூன்றைக்கூட எட்டவில்லை. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் பிரசன்னாவுக்குச் சுமார் 30, வெங்கட்டுக்கு 36. இத்தோடு சின்னத் தாத்தா வழக்கை முடித்துவிடுவார். ஆனால் தாத்தா ஒரு கேள்வி கேட்பார்: “ஒரு மேட்ச் உள்ள, ரெண்டு மேட்ச் வெளியன்னு வச்சிருந்தா யாருக்கு மச்சான் கை செட்டாகும்?” இதிலும் நியாயம் இருக்கிறது. தொடர்ந்து ஆடுகிறவருக்கும், அடுத்த டெஸ்டில் இருப்போமா என்று தெரியாமல் ஆடுகிறவருக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாமா? அதே கேள்வி 1971-இன் பிரசன்னாவுக்கும் பொருந்தும் என்பதைத் தாத்தா மறந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

இப்படி ஓர் இடத்துக்கு இருவர் மோதுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்கர்கள் ஆடும் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து அவர் கைக்கு வந்த பின்தான் ஆட்டமே நகரும். யாரிடம் எறிவது, எப்போது எறிவது என்று நொடியில் முடிவு செய்பவர் அவர்தான். வழக்கமாகக் களத்தில் ஒரு சமயத்தில் ஒருவரே அந்த இடத்தில் நிற்க முடியும். சான்பிரான்சிஸ்கோ அணியில் ஜோ மாண்டானா என்ற பெரும் வீரர் இருக்கும்போதே, 1987-இல் ஸ்டீவ் யங் என்பவரையும் சேர்த்தார்கள். ஊரே இரண்டு கட்சி ஆயிற்று. 1993-இல் மாண்டானா வேறு அணிக்குப் போய்விட்டார். 1995 ஜனவரியில் யங் அந்த அணிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். நம் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு வேறு அணிக்குப் போகும் வசதியும் இல்லை. இந்தியாவுக்கு ஒரே அணிதான்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். விக்கெட் எடுக்கும் ஆற்றலில் பிரசன்னாவே மேல். தாத்தா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஆனால் 1971-இல் வெங்கட்டை எடுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அருகில் நின்று கேட்ச் பிடிக்க சோல்கர், வாடேகர், வெங்கட் என்று ஒரு வளையமே அந்த அணியில் இருந்தது. சுழற்பந்துக்கு அந்த வளையம்தான் பாதி பலம். எந்த ஆட்டத்துக்கு யார் என்பது ஒரு கேள்வி, வீரரை எப்படி நடத்துவது என்பது இன்னொரு கேள்வி. ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கல்கத்தாவில் வெங்கட்டுக்கு இடம் கொடுக்காதது ஆட்டக் கணக்கில் சரியாக இருக்கலாம். இரண்டு கையாலும் கிரீடத்தை வைத்து உடனே தலையோடு எடுப்பதுபோல் செய்தது எப்படிச் சரியாகும்?

வெங்கட் அதனால் ஆட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. 1975, 1979 ஆகிய முதல் இரண்டு உலகக் கோப்பைகளிலும் இந்தியாவின் தலைவர் அவர்தான். 1978-இல் பிரசன்னா தம் கடைசி டெஸ்டை ஆடிவிட, 1979-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்கும் வெங்கட்டே தலைமை ஏற்றார். ஓவல் மைதானத்தில் 438 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில், காவஸ்கர் 221 அடித்து, இந்தியா 8 விக்கெட்டுக்கு 429 வரை வந்து நின்ற ஆட்டம் அப்போது நடந்ததே. 1983 வரை ஆடினார். பிறகு நடுவராகி 73 டெஸ்டுகளில் நின்றார். யார் உள்ளே, யார் வெளியே என்று விரலைத் தூக்கிச் சொல்லும் வேலை அவருக்கே வந்தது பாருங்கள்!

வழக்கு அத்துடன் முடிந்ததா? சென்னையிலிருந்து இன்னொரு ஆஃப் ஸ்பின்னர் வந்தார். இவரும் பொறியியல் பட்டதாரி. ரவிச்சந்திரன் அஸ்வின் 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்தவர். ஆயினும் 2021-இல் இங்கிலாந்தில் ஆடிய நான்கு டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவரைச் சேர்க்கவில்லை. 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் இறுதிப் போட்டியிலும் ஜடேஜாவை வைத்துக்கொண்டு அஸ்வினை வெளியே அமர்த்தினார்கள். அப்போது உலகப் பந்து வீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர் அவர். இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது. இந்த முறை எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகளும் ஒரே கட்சியாகிவிட்டன. சின்னத் தாத்தா விழுப்புரத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, “மாமா, இது அநியாயம்” என்றார்.

அந்த ஒற்றுமை ஓராண்டுதான் நீடித்தது. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அஸ்வினுக்குப் பதிலாக ஆடியவர் வாஷிங்டன் சுந்தர். அவரும் ஆஃப் ஸ்பின்னர், அவரும் சென்னைக்காரர். நம்ம ஊர்ப் பையனுக்கு இடம் இல்லையா என்று கேட்க வழியில்லாமல் தாத்தா திகைத்துப் போனார். அடுத்து அடிலெய்டில் அஸ்வின், அதற்கடுத்து பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டுக்கு மூன்று பேர். பிரிஸ்பேன் ஆட்டம் முடிந்த டிசம்பர் 18 அன்று அஸ்வின் ஓய்வை அறிவித்துவிட்டார். 

2025-இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகள் நடந்தன. குல்தீப் யாதவ் விக்கெட் எடுப்பவர், அவரைச் சேருங்கள் என்று நாடே கேட்டது. ஐந்திலும் அவரை எடுக்கவில்லை. மட்டையும் பிடிப்பார் என்பதற்காக வாஷிங்டனை எடுத்தார்கள். அவரும் மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101 அடித்து, தோற்க வேண்டிய ஆட்டத்தைக் காப்பாற்ற உதவினார். விக்கெட் எடுப்பவரா, மட்டையும் பிடிப்பவரா என்ற அதே பழைய வழக்கு. ஐம்பது ஆண்டுகளாகத் தேர்வுக் குழுவைத் திட்டிவந்த தாத்தா, அந்தக் கோடையில் முதன்முறையாகத் தேர்வுக் குழுவின் பக்கம் நின்று வாதாடினார்.